சிறிய காரின் பின்பக்க சஸ்பென்ஷனைக் கடினமாக்கினால் வளைவில் உண்மையில் என்ன மாறுகிறது?

செங்காங்வாசி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது முன்சக்கர இயக்கம் கொண்ட ஒரு சிறிய ஹேட்ச்பேக், 1.3 லிட்டர் எஞ்சின், 15 அங்குலச் சக்கரங்கள், முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் அதிர்வை அடக்கும் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்தது), பின்பக்கம் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுகக்கூடிய குறுக்குத்துண்டு). நேர்ச்சாலையில் இந்த வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையிலிருந்து வளைந்து இறங்கும் இணைப்புச் சாலைகளில், ஸ்டீயரிங்கைக் கூடுதலாகத் திருப்பிய பிறகும் வண்டியின் மூக்கு வெளிப்பக்கமாகவே நகர்கிறது. உடலும் நன்றாகச் சாய்கிறது.

ஒரு பட்டறையில் கேட்டபோது, பின்பக்கத்துக்கு 22 மி.மீ. ஸ்வே பாரும் (உடல் சாய்வதை முறுகி எதிர்க்கும் தண்டு) நான்கு மூலைகளுக்கும் தாழ்வான ஸ்பிரிங்கும் சேர்த்தே பொருத்திவிடலாம் என்றார்கள். என் சந்தேகம் இதுதான்: வழுக்குவது முன்சக்கரம் என்றால், பின்பக்கத்தைக் கடினமாக்குவது எப்படி அதற்கு மருந்தாகும்? நான் பந்தயக்காரன் அல்லன். வாரநாள்களில் வேலைக்கும், விடுமுறையில் குடும்பத்தோடு மலாக்காவுக்கும் போய்வருகிறவன் என்பதைக் கருத்தில் கொண்டு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எண்ணெய்க்கறை

தம்பி, தண்டு வாங்குவதற்கு முன் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். டயர்கள் எந்த ஆண்டில் செய்யப்பட்டவை? பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் எவ்வளவு? ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது? கடைசியாக அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்கள், பார்த்தது எப்போது?

வளைவில் மூக்கு தள்ளுகிறது என்று சொல்லிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பலவற்றுக்கு முன் டயரில் காற்றுதான் குறைவாக இருக்கும். காற்று குறைந்தால் பக்கச்சுவர் மடிகிறது; சக்கரம் திரும்பிய கோணத்துக்கு ஏற்ற பக்கவிசை தரையில் கிடைப்பதில்லை. அந்த வண்டிக்கு எந்தத் தண்டைப் பொருத்தினாலும் மூலக்குறை அப்படியேதான் இருக்கும். மற்ற விவரங்களைப் பிறகு பேசலாம்.

முறுக்குவிசை

செங்காங்வாசி கேட்ட கேள்வி மிகச் சரியான கேள்வி. ஆனால் விற்பனைப் பேச்சுகளில் இதற்குப் பதில் கிடைப்பதில்லை. எண்களோடு பார்த்தால்தான் தெளிவாகும் என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநரோடு சேர்த்து 1,070 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 62 விழுக்காடு முன்னச்சின் மீது இருக்கிறது. அதாவது முன்சக்கரம் ஒவ்வொன்றின் மீதும் ஏறத்தாழ 332 கிலோ, பின்சக்கரம் ஒவ்வொன்றின் மீதும் 203 கிலோ. புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 53 செ.மீ. உயரத்திலும், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 1.5 மீட்டராகவும் இருக்கட்டும். 45 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போனால் பக்கவாட்டு முடுக்கம் 0.44 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு), 58 கி.மீ.யைத் தாண்டும்போது அது 0.6 ஜி ஆகிவிடும். அந்த 0.6 ஜி நிலையில், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் மொத்தச் சுமை 227 கிலோ. எடை, மைய உயரம், சக்கர இடைவெளி, வேகம் ஆகியவை மட்டுமே இந்தக் கூட்டுத்தொகையைத் தீர்மானிக்கின்றன. ஸ்வே பார் போட்டாலும் போடாவிட்டாலும் 227 என்பது 227தான். உடல் சாய்வது குறைந்து தெரிவதால் சுமைப் பெயர்ச்சியும் குறைந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

தண்டு மாற்றுவது அந்த 227 கிலோவை முன்னச்சும் பின்னச்சும் பங்கிட்டுக்கொள்ளும் விகிதத்தை. சாய்வை எதிர்க்கும் விறைப்பு எந்த அச்சில் அதிகமோ அந்த அச்சு கூடுதல் பங்கை ஏற்கும். பின்னச்சு 40 விழுக்காடு ஏற்றிருந்தால், முன்பக்கம் 136 கிலோ பெயரும்: வெளி முன்சக்கரத்தின் மீது 468, உள் முன்சக்கரத்தின் மீது 196. பின்பக்கத்தைக் கடினமாக்கி அந்தப் பங்கை 47 விழுக்காடாக உயர்த்தினால், முன்பக்கம் 120 கிலோ மட்டுமே பெயரும்: வெளியே 452, உள்ளே 212.

இதனால் என்ன ஆதாயம்? டயரின் பிடிமானம் அதன் மீதுள்ள சுமைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. சுமை இரட்டிப்பானால் பிடிமானம் இரண்டு மடங்குக்குக் குறைவாகவே உயரும். ஆகவே ஒரே அச்சில் உள்ள இரண்டு டயர்களும் சுமையை எவ்வளவு சமமாகப் பகிர்கின்றனவோ, அந்த அச்சின் மொத்தப் பிடிமானம் அவ்வளவு கூடும். முன்னச்சில் பகிர்வு சமநிலையை நெருங்குவதால் மூக்கு உள்ளே திரும்புகிறது. அதே நேரத்தில் பின்னச்சில் வெளிச்சக்கரம் 294 கிலோவிலிருந்து 310க்கு ஏறுகிறது, உள்சக்கரம் 112லிருந்து 96க்கு இறங்குகிறது. அங்கே பிடிமானம் குறைகிறது. வண்டிக்குப் புதிதாகப் பிடிமானம் எதுவும் வந்து சேர்வதில்லை. பின்பக்கத்தில் பயன்படாமல் இருந்த கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து முன்பக்கத்துக்குச் சற்று வாங்கிக்கொள்கிறோம்.

மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வண்டிகளுக்கு இன்னொரு சிறு ஆதாயமும் உண்டு. உடல் சாயும்போது வெளி முன்சக்கரமும் அதோடு வெளிப்பக்கம் சாய்ந்து, டயரின் ஓரத்தில் ஓட ஆரம்பிக்கும். எந்த அச்சில் விறைப்பைக் கூட்டினாலும் முழு உடலின் சாய்வும் குறைவதால், அந்தச் சக்கரம் முன்பைவிட நிமிர்ந்து நிற்கும்.

வளைவுப்பிரியன்

முறுக்குவிசை அவர்களின் கணக்கு அருமை. பழைய உதாரணம் ஒன்றைச் சேர்க்கிறேன். ஃபோக்ஸ்வாகன் 1974இல் முதல் கோல்ஃப் வண்டியை டார்ஷன் பீமோடு வெளியிட்டது. 1976இல் வந்த ஜிடிஐ வகைக்கு முன்னும் பின்னும் ஸ்வே பார்களைக் கொடுத்தது. அந்தக் கோல்ஃப் வளைவில் உள் பின்சக்கரத்தை நாய் காலைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போகும் படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். முன்சக்கர இயக்க வண்டிக்கு அது நோயின் அறிகுறி இல்லை. இழுக்கும் வேலையும் திருப்பும் வேலையும் முன்னால் இருக்கும்போது, உள் முன்சக்கரம் தரையை விடாமல் இருப்பதே முக்கியம். வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள் முன்சக்கரம் வெறுமனே சுழலும் தொல்லையும் இதனால் குறையும்.

மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்கு நண்பர்களோடு போகும்போது நான் ஓட்டும் சிறிய வண்டியில் பின்பக்கத் தண்டு இருக்கிறது. ஐந்தாவது ஆறாவது திருப்பங்கள் வேகமாகவும் நீளமாகவும் அடுத்தடுத்து வருபவை. தண்டு இல்லாத காலத்தில் அங்கே முன் டயர்களின் வெளி ஓரம் தேய்ந்து தள்ளும். இப்போது நான்கு டயர்களும் ஓரளவு ஒரே சீராகத் தேய்கின்றன. என்னைக் கேட்டால் 22 மி.மீ. தண்டைத் தயங்காமல் போடலாம்.

மழைச்சாலை

வளைவுப்பிரியன் சொல்வது 5.543 கி.மீ. நீளமுள்ள தடத்தில், ஓரத்தில் ஓடிவிட இடமும் வழிகாட்டும் கொடிக்காரர்களும் இருக்கும் சூழலில் பொருந்தும். கேள்வி கேட்டவர் மழையில் குடும்பத்தோடு போகிறவர். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கும் மேல் மழை பெய்கிறது. அதுவும் காய்ந்த சாலையில் திடீரென்று கொட்டும் மழை. இந்த இடத்தில் பின்பக்கத்தின் பிடிமானத்தை விலைபேசுவதற்கு முன் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும்.

முதலாவது, நடுவளைவில் பயந்து காலை எடுப்பது. இணைப்புச் சாலையின் வளைவு எதிர்பார்த்ததைவிட இறுகினால் பெரும்பாலானோர் செய்வது அதைத்தான். முறுக்குவிசை எடுத்துக்கொண்ட அதே வண்டிக்கு, அச்சுகளுக்கு இடைத்தூரம் 2.5 மீட்டர் என்று வைத்தால், ஆக்சிலரேட்டரை விட்டதால் வரும் 0.1 ஜி வேகத்தணிவு மட்டும் பின்னச்சிலிருந்து 23 கிலோவை முன்னால் தள்ளிவிடும். பிரேக்கை 0.3 ஜி அளவுக்கு மிதித்தால் 68 கிலோ போய்விடும். 407 கிலோ இருந்த பின்னச்சில் 339தான் மிஞ்சும். வண்டி நிறுவனங்கள் குடும்ப வண்டிகளை வேண்டுமென்றே அண்டர்ஸ்டியர், அதாவது மூக்கு வெளியே தள்ளும் பக்கம் சாய்த்து வடிவமைப்பது இந்தத் தருணத்துக்காகத்தான். மூக்கு தள்ளினால் காலை எடுக்கும் பயிற்சியற்ற ஓட்டுநரும் தப்பித்துவிடுவார். வால் சுழன்றால் எதிர்த்திருப்பம் கொடுக்கத் தெரிந்தவர் மட்டுமே தப்பிப்பார்.

இரண்டாவது, மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு (ESC). மூக்கு தள்ளும்போது அது பெரும்பாலும் உள் பின்சக்கரத்துக்குப் பிரேக் கொடுத்துத்தான் வண்டியை உள்ளே திருப்பும். அந்தச் சக்கரத்தின் மீது சுமையே இல்லாமல் செய்துவிட்டால், அல்லது அது காற்றில் தொங்கினால், அந்த பிரேக்கால் என்ன பயன்? படத்துக்கு மூன்று சக்கரம் அழகாக இருக்கலாம்.

முறுக்குவிசை

மழைச்சாலையின் இரண்டாவது கருத்து கவனிக்கப்பட வேண்டியது. அதை எண்ணாகவே பார்க்கலாம். 1 ஜி அளவுக்கு ஒட்டும் டயரோடு தடத்தில் ஓட்டினால் மொத்தப் பெயர்ச்சி 378 கிலோ. பின்னச்சு 47 விழுக்காடு ஏற்றால் உள் பின்சக்கரத்தில் 25 கிலோதான் மிஞ்சும். 55 விழுக்காடு என்றால் சக்கரம் தரையை விட்டுவிடும். சக்கரம் தூக்கிய பிறகு பின்னச்சால் அதற்கு மேல் எதையும் ஏற்க முடியாது, மீதிப் பெயர்ச்சி முழுவதும் முன்பக்கத்துக்கே போகும். ஆகவே அதற்கு மேல் தடிமனான தண்டு போடுவதால் பயனில்லை. பொதுச்சாலையில் 0.4 அல்லது 0.5 ஜியைத் தாண்டாதவருக்கு இந்த எல்லை வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் கருத்தில் மட்டும் சிறு திருத்தம். ஈரத்தில் பக்கவிசையே குறைவு. 0.4 ஜி நிலையில் மொத்தப் பெயர்ச்சி 151 கிலோ. பங்கு 7 விழுக்காடு மாறினால் 11 கிலோதான் இடம் மாறும். ஆகவே ஈரச்சாலையில் தண்டு தரும் நன்மையும் சிறியது, அதனால் வரும் கேடும் சிறியது. அங்கே உண்மையில் தீர்ப்புச் சொல்வது பின் டயர்களின் வரிப்பள்ளங்களின் ஆழம். சட்டம் 1.6 மி.மீ. வரை அனுமதித்தாலும், அந்த அளவுக்குத் தேய்ந்த டயர்களைப் பின்னால் வைத்துக்கொண்டு தேங்கிய நீரில் வளைவது, தண்டைவிடப் பெரிய ஆபத்து. புதிய டயர்கள் இரண்டு மட்டும் வாங்கினால் அவற்றைப் பின்பக்கம் போடுங்கள்.

மழைச்சாலை

அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் அஞ்சுவது சீரான வளைவைப் பற்றி இல்லை. காய்ந்த சாலையில் புதுத் தண்டோடு வண்டி கூர்மையாகத் திரும்பும். ஓட்டுநர் அந்தக் கூர்மைக்குப் பழகி வேகத்தைச் சற்று ஏற்றிக்கொள்வார். மழை வந்ததும் அதே வேகத்தில் நுழைவார். கணக்கில் வராத பகுதி அது.

வளைவுப்பிரியன்

அப்படிப் பார்த்தால் நல்ல டயரும் வாங்கக் கூடாதே? அதுவும் நுழையும் வேகத்தை ஏற்றத்தானே தூண்டும்!

மழைச்சாலை

நல்ல டயர் மழையிலும் கூடுதல் பிடிமானம் தரும், தண்டு தராது. வேறுபாடு அவ்வளவுதான்.

செங்காங்வாசி

எல்லோருக்கும் நன்றி. எண்ணெய்க்கறை அண்ணன் கேட்டவற்றைப் பார்த்தேன். முன் டயர்களில் அட்டை சொல்வதைவிட 5 பிஎஸ்ஐ குறைவாக இருந்தது. பின்னால் சரியாக இருந்தது. டயர்கள் 2019ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செய்யப்பட்டவை. பள்ளம் போதுமானதாக இருக்கிறது, ஆனால் ரப்பர் நகத்தால் அழுத்தினால் உள்ளே போவதில்லை. காற்றைச் சரிசெய்த பிறகு ஸ்டீயரிங் முன்பைவிடச் சீக்கிரம் பதில் சொல்கிறது. உடல் சாய்வது மட்டும் மாறவில்லை.

இப்போது ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்கிறேன். தாழ்வான ஸ்பிரிங் சாய்வைக் குறைக்கும் என்றால் தண்டே தேவைப்படாதா? அல்லது பின்பக்கம் மட்டும் கடினமான ஸ்பிரிங் போடலாமா?

முறுக்குவிசை

ஸ்பிரிங்குக்கும் தண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இப்படிப் பாருங்கள். இரண்டு பின்சக்கரங்களும் ஒரே நேரத்தில் மேடு ஏறினால் தண்டு முறுக்கப்படுவதில்லை. அது அங்கே இல்லாததுபோலவே இருக்கும். ஸ்பிரிங்கோ எல்லா நேரத்திலும் வேலை செய்யும். பின்பக்க ஸ்பிரிங்கை 30 விழுக்காடு கடினமாக்கினால் பின்னுடல் குதிக்கும் அதிர்வெண் 14 விழுக்காடு ஏறும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளின் வேகத்தடை ஒவ்வொன்றிலும் பின்னிருக்கையில் இருப்பவர்கள் அதை உணர்வார்கள். பழைய அப்சார்பர் அந்த ஸ்பிரிங்கை அடக்கவும் திணறும். ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது தண்டும் அதிர்வை மறுபக்கத்துக்குக் கடத்தும் என்பது உண்மைதான், ஆனால் நம் சாலைகளில் அது அரிது.

தாழ்த்துவதில் வேறொரு சூழ்ச்சி இருக்கிறது. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் வண்டியை 3 செ.மீ. தாழ்த்தினால் புவியீர்ப்பு மையம் ஏறத்தாழ 3 செ.மீ. இறங்கும், ஆனால் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி முன்பக்கத்தில் அதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான நெம்புகோல் நீளுவதால், ஸ்பிரிங் போதிய அளவு கடினமாக இல்லாவிட்டால் சாய்வு கூடுவதும் உண்டு. டார்ஷன் பீமில் அந்தப் புள்ளி அவ்வளவு இறங்குவதில்லை. மேலும், சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம் குறைவதால் வளைவின் நடுவே பின்பக்க ரப்பர்த் தடுப்பில் உடல் மோதினால் பின்பக்க விறைப்பு ஒரே கணத்தில் பலமடங்காகும். வால் முன்னறிவிப்பின்றிக் கழல்வது அந்த நேரத்தில்தான். பின்னிருக்கையில் மூவரும் பெட்டிகளுமாக மலாக்கா போகிறவர் இதை மறக்கக் கூடாது. ஆகவே உங்கள் தேவைக்குத் தாழ்வான ஸ்பிரிங்கை நான் பரிந்துரைக்கவில்லை.

இடையில் ஒரு வேடிக்கை: எல்லை தாண்டும் சிங்கப்பூர் வண்டியின் தொட்டி முக்கால் நிரம்பியிருக்க வேண்டும் என்பதால், நம் மலேசியப் பயணங்கள் எல்லாமே பின்பக்கம் சற்றுக் கனமாகத்தான் தொடங்குகின்றன. ஹோண்டா ஃபிட் போல முன்னிருக்கைக்கு அடியில் தொட்டி வைத்திருக்கும் வண்டிகளுக்கு இது பொருந்தாது.

எண்ணெய்க்கறை

தண்டின் விட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் சொல்கிறேன். முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் படியில் ஏறும். 19 மி.மீ.க்கும் 22 மி.மீ.க்கும் இடையே கண்ணுக்குத் தெரிவது 3 மி.மீ.; விறைப்பில் வேறுபாடு 80 விழுக்காடு. உள்ளீடற்ற குழாயாக இருந்தால் கணக்கு மாறும்: 22 மி.மீ. குழாயின் சுவர் 3 மி.மீ. என்றால், அதே விட்டமுள்ள திடத்தண்டின் எடையில் பாதிக்கும் குறைவு, விறைப்போ 72 விழுக்காடு இருக்கும். எனவே பெட்டியின் மீது எழுதியிருக்கும் விட்டத்தை மட்டும் பார்த்து இரண்டு பொருள்களை ஒப்பிடாதீர்கள்.

இன்னொன்று, டார்ஷன் பீம் என்பதே ஒரு ஸ்வே பார்தான். இடது வலது கைகளை இணைக்கும் அந்தத் திறந்த வாய்க்கால் போன்ற குறுக்குத்துண்டு, வண்டி சாயும்போது முறுகி எதிர்ப்பைத் தருவதற்காகவே அந்த வடிவில் செய்யப்பட்டிருக்கிறது. சில வண்டிகளில் அந்த வாய்க்காலுக்குள் நிறுவனமே ஒரு தண்டைப் பற்றவைத்து அனுப்பியிருக்கும். வண்டியைத் தூக்கும்போது முதலில் அதைப் பாருங்கள். கடைகளில் கிடைக்கும் தண்டுகள் பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஸ்பிரிங் அமரும் தட்டின் அருகே போல்ட்டில் பிடிப்பவை. ஆஸ்திரேலியாவின் வைட்லைன், ஜப்பானின் கஸ்கோ, மலேசியாவின் அல்ட்ரா ரேசிங் எனப் பல நிறுவனங்கள் செய்கின்றன. உங்கள் வண்டிக்கென்றே அளவெடுத்துச் செய்ததா என்பதுதான் கேள்வி. பிடிக்கும் தகடு மெல்லியதாக இருந்தால் தண்டு முறுகுவதற்கு முன் தகடு வளைந்துவிடும். காசு கொடுத்த விறைப்பு சக்கரத்துக்கு வந்து சேராது.

பீமில் துளையிடவோ பற்றவைக்கவோ யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அது ஆண்டுக்கணக்காக முறுகி முறுகித் திரும்பும் உதிரி. பற்றவைத்த இடத்தின் அருகே இரும்பின் தன்மை மாறி, விரிசல் அங்கிருந்தே தொடங்கும்.

பீம் உடலோடு சேரும் இடத்திலுள்ள பெரிய ரப்பர் புஷ்களையும், அதாவது இணைப்பில் அமரும் வளையங்களையும், பார்க்கச் சொல்லுங்கள். அவை கிழிந்திருந்தால் பக்கவிசை வரும்போது பீம் முழுவதுமே சற்றுத் திரும்பும். பின்சக்கரங்கள் தாமாகவே ஸ்டீயர் செய்யத் தொடங்கும். பல வண்டிகளில் அந்தப் புஷ்கள் சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பது இந்தத் திரும்பலைக் கட்டுப்படுத்தத்தான். இதை அறியாமல் உருண்டையான பாலியூரித்தேன் புஷ்ஷைப் போட்டு, வடிவமைப்பாளர் நினைத்துச் செய்ததை அழித்துவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

வளைவுப்பிரியன்

பின்பக்க அப்சார்பர் கோபுரங்களை இணைக்கும் குறுக்குக் கம்பியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? பல வண்டிகளில் அழகாக வண்ணம் பூசி வைத்திருக்கிறார்கள்.

முறுக்குவிசை

டார்ஷன் பீம் வண்டியில் பக்கவிசை உடலுக்குப் போவது பீமின் புஷ்கள் வழியாக. அப்சார்பரின் மேல்முனை பெரும்பாலும் செங்குத்து விசையைத்தான் தாங்குகிறது. முன்பக்க ஸ்ட்ரட்டில் அப்படியில்லை, அங்கே மேல்முனையும் பக்கவிசையில் பங்குபெறுகிறது. ஆகவே பின்பக்கக் கம்பியால் வளைவில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். பெட்டிகள் வைக்கும் இடம் குறையும்.

செங்காங்வாசி

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பரிசோதனையில் சிக்கல் வருமா?

மழைச்சாலை

நிலப் போக்குவரத்து ஆணையம் தன் ஒன்மோட்டரிங் தளத்தில் மாற்றங்களை, அனுமதிக்கப்படாதவை, முன்அனுமதி தேவைப்படுபவை, தேவைப்படாதவை என்று பிரித்து வைத்திருக்கிறது. பட்டறைக்காரரின் வாய்வார்த்தையை நம்பாமல், பொருத்தும் முன் நீங்களே பட்டியலைப் பாருங்கள். மூன்று முதல் பத்து ஆண்டு வரையிலான கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து ஆண்டைத் தாண்டியவற்றுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்கள் கண்டுபிடிப்பதைவிட இப்போது நீங்கள் சொல்வது நல்லது.

சோதித்துப் பார்க்க சவுத் புவன விஸ்தா சாலைக்கோ பழைய அப்பர் தாம்சன் சாலைக்கோ போகாதீர்கள். 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ நடந்த தடம் என்ற பெருமை இரண்டாவதற்கு உண்டு. இன்று அங்கே சைக்கிளோட்டிகளும் நடப்பவர்களும் நிறையப் போகிறார்கள்.

முறுக்குவிசை

சோதிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வாகன நிறுவனங்கள் ஐஎஸ்ஓ 4138 தரத்தின்படி ஒரே ஆரமுள்ள வட்டத்தில் வேகத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே, ஸ்டீயரிங் கோணம் எவ்வளவு கூடுகிறது என்று அளப்பார்கள். வேகம் ஏற ஏறத் திருப்பத்தைக் கூட்டவேண்டியிருந்தால் அண்டர்ஸ்டியர், குறைக்கவேண்டியிருந்தால் ஓவர்ஸ்டியர். இடமளிக்கும் தடத்தில் கூம்புகளை வட்டமாக வைத்து, ஸ்டீயரிங்கின் உச்சியில் ஒரு நாடாவை ஒட்டிக்கொண்டால் நாமும் அதைச் செய்யலாம். தண்டு போடுவதற்கு முன்னும் பின்னும் அதே டயர், அதே காற்றழுத்தம், அதே சுமையோடு ஓட்டினால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம் இருக்கும். உடல் சாயாமல் இருப்பதால் வரும் நம்பிக்கையையும் உண்மையான பிடிமானத்தையும் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு பிரித்தறிவது கடினம்.

என் பரிந்துரை இந்த வரிசையில் இருக்கும். முதலில் புதிய டயர்கள் நான்கு. அடுத்து, ஸ்ட்ரட்டின் கீழ்போல்ட்டுகளில் ஒன்றை மையம் விலகிய அச்சுள்ள கேம்பர் போல்ட்டாக மாற்றி, முன்சக்கரங்களுக்கு ஒரு பாகை அளவு எதிர்மறைக் கேம்பர் (சக்கரத்தின் மேல்முனை உள்ளே சாய்வது) கொடுத்து, அதன் பிறகு டோவை, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணத்தை, சரிசெய்வது. கேம்பரை மாற்றினால் டோ தானாக மாறிவிடும் என்பதால் இது கட்டாயம். இந்த இரண்டும் பின்பக்கத்திலிருந்து எதையும் பறிக்காமல் முன்பக்கத்துக்குப் பிடிமானம் தருபவை. அதற்கும் பிறகு சாய்வு உறுத்தினால் மெல்லிய தண்டு, அதாவது 19 மி.மீ. அளவில் ஒன்று.

வளைவுப்பிரியன்

19 மி.மீ. போட்டவர் ஆறு மாதத்தில் 22 மி.மீ. வாங்குவார் என்பது என் கணிப்பு. இருந்தாலும், மழையில் பிள்ளைகளோடு போகும் வண்டிக்கு அந்த வரிசையை நான் எதிர்க்கவில்லை. தடத்துக்கு வரும் எண்ணம் வந்தால் சொல்லுங்கள். செப்பாங்கின் பதினான்காவது திருப்பத்தில், திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்கும்போது, பின்பக்கம் இலேசாவதை நேரில் உணரலாம்.

செங்காங்வாசி

டயர்களையும் கேம்பர் போல்ட்டையும் இந்த மாதமே செய்துவிடுகிறேன். தண்டைப் பிறகு பார்க்கலாம். தாழ்வான ஸ்பிரிங் வேண்டாம் என்று பட்டறையில் சொல்லிவிட்டேன். பீமின் புஷ்களில் ஒன்றில் மேலோட்டமாக வெடிப்பு இருப்பதாக அங்கே காட்டினார்கள். அதையும் மாற்றுவதாக இருந்தால் எதைக் கவனிக்க வேண்டும், அண்ணே?

எண்ணெய்க்கறை

இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், நிறுவனத்தின் அசல் ரப்பரையே கேளுங்கள். புஷ்ஷில் அம்புக்குறியோ கோடோ இருக்கும். அதைப் பீமில் உள்ள குறியோடு பொருத்தி அழுத்த வேண்டும், திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. வண்டி லிஃப்டில் தொங்கும்போது நடுப்போல்ட்டை முழுமையாக இறுக்க விடாதீர்கள். சக்கரங்களின் மீது வண்டியின் எடை இறங்கி, பீம் வழக்கமாக நிற்கும் கோணத்துக்கு வந்த பிறகே கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பின்னாளில் தண்டு போட்டால், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அதன் போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் கருவி) சரிபார்க்கச் சொல்லுங்கள்.